கண்டல் மரம் பலகைக்கு ஆகுமா? புன்னைக்காயல் கழிமுகத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலிலோ பழையகாயலிலோ அலையாத்தி (கண்டல்) நாற்று நடும் செய்தி வரும்போதெல்லாம் கூடவே மூன்று பேச்சுகள் கிளம்புகின்றன. "இது இரும்பு போன்ற மரம், வீட்டுக்கும் படகுக்கும் ஆகும்" என்பது ஒன்று. "ஒன்றுக்கும் உதவாத உப்புப் புதர், இதற்கு ஏன் இவ்வளவு காவல்" என்பது இன்னொன்று. "மலேசியாவில் இதே மரத்தை வெட்டிக் கரி சுட்டு விற்கிறார்கள், நாம் மட்டும் ஏன் கூடாது" என்பது மூன்றாவது.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் வெவ்வேறு மரங்களைப் பற்றிய உண்மைகள். அவற்றை ஒரே மரத்தின் தலையில் ஏற்றுவதால்தான் குழப்பம் வருகிறது. தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் நிற்கும் மரம் எது, அதன் கட்டை எப்படிப்பட்டது, வேறு நாடுகளில் எந்தக் கண்டல் எதற்குப் பயன்படுகிறது, நெல்லைச் சீமையின் கடலோரத்துக்கு உண்மையில் ஏற்ற மரம் எது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

எந்த மரத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

அலையாத்தி என்பது ஒரு தனி மரத்தின் பெயரன்று. ஓதம் (கடல் நீரின் ஏற்றம்) ஏறி இறங்கும் உப்புச் சேற்றில் வாழப் பழகிய மரங்களின் கூட்டத்துக்கு அது பொதுப்பெயர். அந்தக் கூட்டத்தில் இருப்பவை பல, ஒன்றுக்கொன்று உறவில்லாத தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒரே இடத்தில் வாழ்வதாலேயே அவற்றின் கட்டையும் ஒன்றுபோல் இருக்கும் என்று எண்ணுவது தவறு. நமக்கு வேண்டிய அளவில் நான்கைப் பிரித்தறிந்தால் போதும்.

1. வெண்கண்டல். தாவரவியலில் அவிசென்னியா மரைனா. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களால் இதை உடனே அடையாளம் காணலாம். இலையின் அடிப்பக்கம் வெளிறி இருக்கும். வெயில் நேரத்தில் இலையைத் தடவிப் பார்த்தால் உப்புப் பொடி விரலில் ஒட்டும். புன்னைக்காயல், பழையகாயல், தூத்துக்குடி உப்பளங்களின் ஓரம் என எங்கு பார்த்தாலும் நிற்பது பெரும்பாலும் இதுதான்.

2. சுரபுன்னை. ரைசோபோரா என்ற இனம். தண்டிலிருந்து வில்லாக வளைந்து இறங்கும் முட்டுவேர்களில் நிற்கும். பிச்சாவரம் படங்களில் எல்லோரும் பார்ப்பது இதைத்தான். உலகில் "கண்டல் கட்டை" என்று வணிகமாவது பெரும்பாலும் இந்த இனத்து மரமே.

3. தில்லை. சிதம்பரத்தின் தல மரம். பாலில் நச்சு உண்டு, கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். கட்டை வெளுப்பாகவும் மென்மையாகவும் எடை குறைந்தும் இருக்கும். அலையாத்தி என்றாலே வன்மரம் என்ற எண்ணத்துக்கு இந்த ஒரு மரமே போதுமான மறுப்பு. வங்காளத்தில் இதைத் தாள் செய்ய எடுத்தார்கள். குல்னா செய்தித்தாள் காகித ஆலை சுந்தரவனத்துத் தில்லையை நம்பியே பல பத்தாண்டுகள் ஓடியது.

4. பூவரசு. இது சேற்றுக்குள் நிற்பதில்லை. கழிமுகக் கரையிலும் ஓத நீர் எப்போதாவது தொடும் மேட்டிலும் நிற்கும். அதனால் இதை அலையாத்தியின் துணை மரம் என்று வகைப்படுத்துகிறார்கள். நான்கில் ஆசாரி மனமொத்து இழைப்புளி வைப்பது இதில் மட்டுந்தான்.

உப்பு நீரில் நிற்கும் மரம் ஏன் கனக்கிறது?

கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த நீரிலிருந்து உப்பை விலக்கிவிட்டு நன்னீரை மட்டும் வேர் இழுக்க வேண்டுமென்றால், சுமார் 25 வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட இழுவிசை தேவை. ஆற்றங்கரையில் நிற்கும் மருத மரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கண்டலுக்கு இது அன்றாடப் பிழைப்பு.

இவ்வளவு பலமாக இழுக்கும்போது மரத்துக்குள் இருக்கும் நீர்க்குழாய்களுக்கு இரண்டு ஆபத்துகள் வருகின்றன. நீர்த்தூண் நடுவில் அறுந்து காற்றுக்குமிழி புகுந்துவிடலாம். அல்லது குழாயின் சுவரே உள்நோக்கி நசுங்கிவிடலாம். இரண்டுக்கும் மரம் கண்ட வழி ஒன்றுதான்: குழாய்களை மிகக் குறுகலாக வைத்துக்கொள்வது, அவற்றைச் சுற்றித் தடித்த சுவருள்ள நார்களை நெருக்கமாக அடுக்குவது. தேக்குப் பலகையின் குறுக்குவெட்டில் குழாய்த் துளைகளை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். கண்டலின் துளைகளைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

துளை குறுகி நார் தடித்தால் ஒரு கன அடிக்குள் அடங்கும் மரப்பொருள் கூடும். கனம் அங்கிருந்துதான் வருகிறது. உலர்ந்த தேக்கு கன அடிக்கு ஏறத்தாழ 18 கிலோ இருக்கும். வெண்கண்டல் சுமார் 20 முதல் 25 கிலோ வரை வரும். சுரபுன்னை 23 கிலோவில் தொடங்கி 30 கிலோவைத் தொடும். ஒரு கன அடித் தண்ணீரின் எடையே 28 கிலோதான் என்பதால், பச்சையாக வெட்டிய சுரபுன்னைத் துண்டை நீரில் போட்டால் மூழ்கிவிடும்.

"இரும்பு போன்ற மரம்" என்ற பேச்சு இங்கிருந்து பிறந்தது. கனம் உண்மை. ஆனால் கனம் ஒன்றே ஒரு மரத்தைப் பலகையாக்கிவிடாது. பலகைக்கு வேண்டியவை வேறு: நேராக நீண்ட தண்டு, காயும்போது வெடிக்காத குணம், அறுத்த பின் கோணாத நிலை, இழைத்தால் வழுவழுப்பாக வரும் ரேகை, கரையானுக்கும் பூஞ்சைக்கும் தாக்குப்பிடிக்கும் வைரம் (மரத்தின் முற்றிய கெட்டிப் பகுதி). இந்த அளவுகோல்களில் நம் கழிமுகத்து மரம் எங்கே தவறுகிறது என்பதைத்தான் அடுத்து விரிவாகப் பார்க்க வேண்டும்.

வெண்கண்டலின் உள்ளே: அடுக்கடுக்காகப் பிரியும் கட்டை

சாதாரண மரம் எப்படிப் பருக்கிறது? பட்டைக்கு அடியில் மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கும். அது உள்பக்கமாக மரத்தையும் வெளிப்பக்கமாகப் பட்டையையும் சேர்த்துக்கொண்டே போகும். வேப்ப மரத்துக்கும் தேக்குக்கும் ஆயுள் முழுதும் அந்த ஒரே படலம்தான். நீரை மேலேற்றும் திசு உள்ளே, இலையில் சமைத்த சர்க்கரையைக் கீழிறக்கும் திசு வெளியே என்று இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். முன்னது கட்டை, பின்னது பட்டையின் உட்பகுதி.

வெண்கண்டல் அப்படி வளர்வதில்லை. ஒரு வளர்படலம் சிறிது காலம் வேலை செய்து ஓய்ந்ததும், அதற்கு வெளியே புதிதாக இன்னொன்று உருவாகிறது. அது ஓய்ந்ததும் மற்றொன்று. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு மர அடுக்கையும் ஒரு சர்க்கரைத் திசு அடுக்கையும் விட்டுவிட்டுப் போகிறது. ஆகவே பட்டையில் இருக்க வேண்டிய மென்திசு, கட்டைக்குள்ளேயே அடுக்கடுக்காகச் சிறைப்பட்டுக் கிடக்கிறது.

மணிக்கட்டுப் பருமனுள்ள காய்ந்த வெண்கண்டல் கிளை ஒன்றை ரம்பத்தால் குறுக்கே அறுத்து வெட்டுமுகத்தை உற்றுப் பாருங்கள். வெங்காயத்தை அரிந்ததுபோல் வளையம் வளையமாகத் தெரியும். வளையங்களுக்கு இடையே வெளிறிய மெல்லிய கோடுகள் ஓடும். வளையங்கள் முழு வட்டமாகவும் இருப்பதில்லை, ஆங்காங்கே ஒன்றோடொன்று சேர்ந்து வலைபோல் பின்னிக்கொள்ளும். ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிமீட்டர் தடிமன்தான். நன்றாகக் காய்ந்த துண்டாக இருந்தால் அந்த வெளிறிய கோட்டில் நகத்தைக் கொடுத்து நெம்பும்போது ஓர் அடுக்கு தனியே பெயர்ந்து வரும். உலரும்போது மென்திசு சுருங்கிச் சிதைந்துவிடுவதே காரணம். பலகையாக அறுத்தாலும் இதே கதைதான்: காயக் காய அடுக்குகள் பிரியத் தொடங்கும்.

இந்த வளையங்களை எண்ணி மரத்தின் வயதைச் சொல்லிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. இவை ஆண்டு வளையங்கள் அல்ல. ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வளையம் உண்டாகலாம். தண்டின் ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் சும்மா இருக்கவும் கூடும்.

மரத்தின் நிலையிலிருந்து பார்த்தால் இந்த அமைப்பில் குறையொன்றும் இல்லை. உப்பும் வறட்சியும் சேர்ந்து அழுத்தும் இடத்தில், நீர்க்குழாய்களின் பக்கத்திலேயே உயிருள்ள மென்திசு நீரையும் சர்க்கரையையும் சேமித்து வைத்திருப்பது மரத்துக்குக் காப்பு என்று கருதப்படுகிறது. கண்டல் வகைகளிலேயே உப்பை மிகுதியாகத் தாங்கும் மரங்களுள் வெண்கண்டல் ஒன்று என்பதற்கும் இந்த உட்கட்டமைப்புக்கும் தொடர்பு இருப்பதாகவே ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். அந்த மரத்தை உப்பில் உயிரோடு வைத்திருக்கும் அதே அமைப்பு ஆசாரியின் பட்டறையில் குற்றமாகிறது.

பட்டறையில் அது எப்படி வெளிப்படும் என்று வரிசைப்படுத்தினால்:

1. நீளம் கிடைக்காது. நம் பக்கத்து மரங்கள் குட்டையானவை, அடியிலேயே கிளைத்துக் கோணலாக வளர்பவை. ஆறடி நேர்த் தடி கிடைப்பதே அரிது.

2. காயும்போது அடுக்கு பிரியும், வெடிக்கும்.

3. இழைப்புளி ஒரே சீராக ஓடாது. வன்மையான அடுக்கும் மென்மையான அடுக்கும் மாறி மாறி வருவதால் ஓரிடத்தில் வழுக்கும், அடுத்த இடத்தில் சிராய் பெயரும்.

4. ஆணி, திருகாணி அடுக்கின் விளிம்பில் பட்டால் பிளவு ஓடும்.

அப்படியானால் அந்தக் கட்டைக்குப் பயனே இல்லையா? உண்டு, பலகையாக அல்ல. விறகாக எரியும். பல நாடுகளில் மீனைப் புகையூட்டிப் பதப்படுத்த இதை விரும்பி எடுக்கிறார்கள். வளைந்த கிளைகள் சிறு படகின் முழங்கால்களுக்கு (மூலைகளை இணைக்கும் வளைந்த தாங்குகட்டைகளுக்கு) உதவியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் கல்தச்சர்களுக்கு மரச்சுத்தி செய்தார்கள். சாம்பலில் சோடா உப்பு மிகுதி என்பதால் துணி வெளுக்கவும் பயன்பட்டது. இலையை ஆடுமாடுகள் ஆவலோடு தின்னும். குஜராத்தின் கட்ச் கரையில் ஒட்டகங்கள் கடலில் நீந்திப்போய் இதை மேய்ந்துவிட்டு வருகின்றன. மற்றபடி கதவு, ஜன்னல், கட்டில் என்ற பட்டியலில் இதற்கு இடமில்லை.

சுரபுன்னைக் கட்டை: வேறு நாடு, வேறு மரம்

இனி மலேசியப் பேச்சுக்கு வருவோம். பேராக் மாநிலத்தில் உள்ள மாத்தாங் கண்டல் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அது வனத் துறையின் திட்டமிட்ட வெட்டுக்கு உட்பட்டிருக்கிறது. அங்கே வெட்டுவது வெண்கண்டலை அல்ல, சுரபுன்னை இனத்து மரத்தை. 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பகுதியில் வெட்டு. இடையே 15-ஆம் ஆண்டிலும் 20-ஆம் ஆண்டிலும் நெருக்கமாக நிற்கும் மரங்களைக் களைந்து கழிகளாக விற்கிறார்கள்.

மாத்தாங் காட்டை ஒட்டிய கோலா செபத்தாங்கில் உள்ள கரிச்சூளைகள் செங்கல்லால் கட்டிய குவிமாடங்கள். ஒரு சூளையில் சுமார் 40 டன் பச்சைக் கட்டையைப் பட்டை உரித்து நிறுத்தி அடுக்குகிறார்கள். வாயிலில் மட்டும் தீ மூட்டி, உள்ளிருக்கும் கட்டை எரியாமல் வெப்பத்தில் வேகும்படி காற்றை அடக்குகிறார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பிறகு சுமார் 10 டன் கரி கிடைக்கிறது. விளாத்திகுளம், ராமநாதபுரம் பக்கத்தில் சீமைக் கருவேலத்துக்குப் போடும் மூட்டமும் அடிப்படையில் இதே வேலைதான். அங்கே செங்கல் குவிமாடம், இங்கே தழையும் மண்ணும்.

இங்கே ஒரு பொது நம்பிக்கையைத் திருத்திக்கொள்வது நல்லது. கண்டல் விறகில் தனிப்பட்ட "சூட்டுச் சத்து" எதுவும் இல்லை. முற்றிலும் உலர்ந்த எந்த மரமாக இருந்தாலும் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் சுமார் 4,500 கிலோ கலோரிக்கு முன்பின்னாகத்தான் இருக்கும். கண்டலில் வித்தியாசம் கனத்தால் வருவது: அதே அளவு கட்டைக்குள் கூடுதல் கிலோ அடங்கியிருக்கிறது, ஆகவே மெதுவாக, நீண்ட நேரம் எரிகிறது. கன அளவில் கிட்டத்தட்ட அதே கனமுள்ள சீமைக் கருவேலம் தெருவுக்குத் தெரு நிற்கும் நம் மாவட்டங்களில், விறகுக்கோ கரிக்கோ கண்டலைத் தேட வேண்டிய காரணமே இல்லை.

சுரபுன்னையின் இரண்டாவது பெரும் பயன் கழி. கென்யாவின் லாமு, தான்சானியாவின் ரூபிஜி கழிமுகம் ஆகிய இடங்களிலிருந்து பாய்மரக் கப்பல்களில் இந்தக் கழிகள் பல நூற்றாண்டுகளாக அரபுக் கரைக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் போயின. மரமே இல்லாத அந்த ஊர்களில் கூரையைத் தாங்கியவை இவைதான். கழியின் நீளத்துக்கு மேல் அறையை அகலமாக்க முடியாது என்பதால், பழைய வீடுகளின் அறைகள் மூன்று மீட்டருக்கு உட்பட்ட அகலத்திலேயே நின்றன. 1982-இல் கென்யா இந்த ஏற்றுமதியைத் தடை செய்தது.

மூன்றாவது, பட்டை. சுரபுன்னைப் பட்டையில் துவர்ப்புப் பொருளான டானின் மிகுதி. தோல் பதனிடவும், பருத்தி வலைகளுக்குச் சாயமேற்றி அழுகாமல் காக்கவும் ஆசியக் கரையெங்கும் எடுத்தார்கள். தமிழகத் தோல் தொழில் ஆவாரம் பட்டையை நம்பி வளர்ந்தது. நைலான் வலை வந்தபின் வலைச்சாயத்தின் தேவையும் போய்விட்டது.

பலகையாக? சுரபுன்னையே அதில் தேறவில்லை. வைரம் செம்பழுப்பில் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் காயும்போது மிகுதியாகச் சுருங்கி நீளவாக்கில் வெடித்துவிடும். பச்சைத் தேக்கு முழுதும் உலரும்போது அகலத்தில் அதிகம்போனால் 6 சதவீதம் சுருங்கும். சுரபுன்னை அதை மிஞ்சிச் சுருங்கும். அதனால்தான் உலகெங்கும் அதை அறுக்காமல் உருண்டைக் கழியாகவே பயன்படுத்துகிறார்கள். கண்டல் கூட்டத்தில் உண்மையாகவே மேசை நாற்காலிக்கு ஆகும் கட்டை தருவது சுந்தரவனத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வளரும் சைலோகார்ப்பஸ் போன்ற சில மரங்கள்தான். வங்காளத்தில் படகுக்கும் தூணுக்கும் பேர்போன சுந்தரி மரத்தையும் அந்தச் சிறு பட்டியலில் சேர்க்கலாம்.

"உப்பில் வளர்ந்த மரம் உப்பில் அழியாது" என்பது சரியா?

கேட்டதும் ஏற்கத் தோன்றும் வாதம் இது. ஆனால் தவறு, அதுவும் பணத்தை இழக்கச் செய்யும் தவறு.

உயிருள்ள மரத்தைக் காப்பது அதன் பட்டையும் உயிர்த்திசுக்களும். வெட்டிய கட்டைக்கு அந்தக் காவல் இல்லை. கடல் நீரில் மரத்தைத் தின்னும் முதல் எதிரி கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. நீண்ட உடலின் முனையில் இருக்கும் சிறிய ஓடுகளால் மரத்தைச் சுரண்டித் துளைத்துக்கொண்டு போகும். வெளியே பார்த்தால் குண்டூசித் துளை, உள்ளே விரல் பருமனில் சுரங்கம்.

அந்தப் புழு குடியிருக்கும் முக்கிய இடமே கண்டல் காடுதான். சேற்றில் விழுந்த கண்டல் மரங்களைத் தின்று செரித்து மண்ணோடு சேர்ப்பது அங்கே அதன் வேலை. ஆகவே கண்டல் கட்டை அதற்குப் பழகிய உணவு. மருந்தேற்றாத கண்டல் கழியைக் கடலுக்குள் நட்டால் சில ஆண்டுகளுக்கு மேல் நிற்காது. தரையில், மழை படாத கூரைக்கு அடியில் அதே கழி பல தலைமுறை நிற்கும். லாமு கழிகள் அரபு வீடுகளில் நிலைத்தது வறண்ட காற்றால்.

நம் கடற்கரையில் கட்டுமரத்துக்குக் கண்டலை எடுக்காததற்குக் காரணம் அதன் கனம். மிதப்பதற்கு எடை குறைந்த மரம் வேண்டும். கட்டுமரத்தைத் தினமும் கரையேற்றிக் காயவைப்பதால் துளைக்கும் உயிர்கள் தங்க முடியாமல் போயின. தூத்துக்குடித் தோணிகளின் பலகைக்கு அயினியும் தேக்கும், வங்குகளுக்கு (உள்ளிருந்து தாங்கும் விலாச் சட்டங்களுக்கு) இயற்கையாகவே வளைந்த கருவேலும் வந்தன. கழிமுகத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கண்டல் நின்றிருந்தும் தோணி கட்டியவர்கள் மலையிலிருந்து மரம் தருவித்தார்கள் என்றால், அவர்களுக்குக் கட்டையின் குணம் தெரிந்திருந்தது.

தாமிரபரணி முகத்தில் மரம் ஏன் குட்டையாக நிற்கிறது?

நல்ல சேறும் நன்னீர் வரத்தும் இருந்தால் வெண்கண்டல் பத்து மீட்டருக்கு மேலும் வளரும். புன்னைக்காயல் பக்கம் அது பெரும்பாலும் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே என்ற அளவில் நின்றுவிடுகிறது. இதற்குக் காரணம் மரத்திடம் இல்லை.

பொதிகையில் பிறந்து ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிவரும் ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில், 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அதைத் தாண்டிக் கழிமுகத்துக்குத் தாராளமாக நீர் வருவது வடகிழக்குப் பருவ மழையும் வெள்ளமும் வரும் நாட்களில்தான். மற்ற மாதங்களில் கழிமுகத்துச் சேற்றைக் கடல் நீரே நனைக்கிறது. வெயிலில் அந்த நீர் ஆவியாகி உப்பு இன்னும் ஏறுகிறது. தூத்துக்குடி உப்புக்குப் பேர்போன ஊரானதற்கு எந்த வெயிலும் வறட்சியும் உதவினவோ, அவையே கண்டல் மரத்தைக் குறுக்குகின்றன. உப்பு ஏற ஏற, மரம் இலைக்கு நீர் இழுப்பதிலேயே சக்தியைச் செலவிடுகிறது, தண்டு வளர்க்க மிச்சமில்லை. இத்தகைய கடும் உப்பில் சுரபுன்னை இன்னும் திணறும். இங்கே வெண்கண்டல் மட்டும் பரவலாக நிற்பதன் காரணம் அதுவே.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி ஆறு கரைபுரண்டபோது வந்த நன்னீர் மிகப் பெரிது. ஆனால் மரம் வளர்வது இப்படிப்பட்ட ஒரு நாள் வெள்ளத்தால் அல்ல, ஆண்டு முழுதும் சிறுகச் சிறுக வரும் நீரால். மாத்தாங் கடற்கரையில் நெல்லைக் கடற்கரையைப்போல மூன்று மடங்கும் அதற்கு மேலும் மழை பெய்கிறது, அதுவும் ஆண்டு முழுதும் பரவலாக. முப்பது ஆண்டுச் சுழற்சியில் அங்கே கரிக்கு மரம் கிடைப்பதை வைத்து இங்கே கணக்குப் போடுவது பொருந்தாது. தமிழகத்தின் மொத்த அலையாத்திப் பரப்பே, 2021-ஆம் ஆண்டு வன நிலை அறிக்கையின்படி, 45 சதுர கிலோமீட்டர். அதாவது 4,500 ஹெக்டேர். மாத்தாங் ஒன்றின் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் இருக்கிறது. நம் பங்கு சிறு துண்டு.

வெட்டினால் மீண்டும் துளிர்க்குமா என்பதும் கேட்கப்பட வேண்டியது. வெண்கண்டல் துளிர்க்கும், அடியில் வெட்டினாலும் பக்கக் கிளை விடும். சுரபுன்னை அப்படியல்ல. முதிர்ந்த கிளைகளில் உறங்கும் மொட்டுகள் இருப்பதில்லை, ஆகவே வெட்டிய இடத்தோடு அந்தக் கிளை முடிந்தது. எங்கெங்கே சுரபுன்னை நட்டிருக்கிறார்களோ அங்கே "கிளை மட்டும்தானே வெட்டினோம்" என்ற சமாதானம் செல்லாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சுருக்கமாகச் சொன்னால், 1991-இல் முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்ததிலிருந்து 2011, 2019 புதிய அறிவிக்கைகள் வரை, அலையாத்திக் காடுகள் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைக்கப்பட்டுள்ளன. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திப் பரப்பைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளியையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்பது 2019 அறிவிக்கையின் விதி. 2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த மிஷ்டி திட்டம் புதிதாக நடுவதற்கானது, வெட்டுவதற்கு வழிவிடுவதன்று.

இந்தத் தடையால் நெல்லைச் சீமை எந்த மர வளத்தையும் இழக்கவில்லை. மேலே பார்த்தபடி, அங்கே இழப்பதற்குரிய பலகை இல்லை. நிற்கும் மரமோ இறால் குஞ்சுக்கும் நண்டுக்கும் மறைவிடமாக இருக்கிறது, கரைச் சேற்றைப் பிடித்து வைக்கிறது. அது சேர்த்துவைக்கும் கார்பனின் பெரும்பகுதி தண்டில் இல்லை, காலடிச் சேற்றில் இருக்கிறது. மரத்தை வெட்டிச் சேற்றைக் கிளறினால் அதுவும் போய்விடும். வலை வீசுபவருக்கு இது வெறும் சூழலியல் பாடம் அல்ல, அடுத்த பருவத்தின் வரும்படி.

பலகை வேண்டுபவர்களுக்கு: பூவரசும் பனையும்

கடற்காற்றும் உவர் மண்ணும் உள்ள நிலத்தில் மரம் வைத்துக் கட்டையும் பெற வேண்டுமென்றால் விடை பூவரசு. பருத்தி, செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மரத்தின் வைரம் செம்பழுப்பிலிருந்து சாக்லேட் நிறம் வரை போகும். வெளிப்புற வெள்ளை மெல்லியது. தேக்கைவிடக் கொஞ்சம் கனம், சுரபுன்னையைவிட மிகவும் லேசு. காயும்போது சுருக்கம் குறைவு, கோணுவது குறைவு. நீரில் நனைந்தாலும் எளிதில் உளுக்காது, கரையானும் சட்டென்று தொடாது. இழைத்தால் பளபளப்பாக வரும். மாட்டு வண்டிச் சக்கரத்தின் குடமும் ஆரமும், ஏரும், கட்டிலும் பூவரசில் செய்தது இந்தக் குணங்களுக்காகத்தான். பிள்ளைகள் பீப்பி ஊதும் இலையாக மட்டுமே இன்று பலருக்கு இம்மரம் நினைவிருப்பது வருத்தத்துக்குரியது.

குறையும் உண்டு. தண்டு நேராக நீளாது, பெரிய மரங்களின் நடுப்பகுதி பொந்து விழுந்திருக்கும். போத்து (வெட்டிய கிளை) நட்டு வளர்த்த மரங்கள் கோணலாகவே போகும் என்பதால் நேர்த் தடி வேண்டுபவர்கள் விதை நாற்றை நடுவது மேல்.

நீளமும் நேரும் வேண்டிய இடத்துக்குப் பனை. தேரிக்காட்டு ஊர்களில் பழைய ஓட்டு வீடுகளின் கூரையை அண்ணாந்து பார்த்தால் கருத்த நார்க்கோடுகள் ஓடும் பனங்கைகள் (பனையில் அறுத்த கூரைச் சட்டங்கள்) தெரியும். முதிர்ந்த பனையின் வெளிவட்டத்து வைரம் மட்டுமே எடுக்கப்படும், உள்சோறு கழிக்கப்படும். உப்புக் காற்றில் இரும்புக் கம்பி துருவேறும் இடத்திலும் அது நிற்கிறது. பனையை வெட்ட இப்போது அனுமதி வேண்டும் என்பதால் புதிய மரத்தைவிடப் பழைய வீடு பிரிக்கும் இடங்களில் வரும் பனங்கைகளைத் தேடுவதே நடைமுறைக்கு ஏற்றது.

யாராவது "கண்டல் கட்டை, கரையான் தொடாது" என்று சொல்லி மேசையோ படகுப் பலகையோ விற்க வந்தால் கவனிக்க வேண்டியவை:

1. வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெளிறிய கோடுகளோடு அடுக்கடுக்கான வளையம் இருந்தால் அது வெண்கண்டல், பலகைக்கு ஆகாது.

2. அகலமான பலகையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நம் கழிமுகத்து மரத்தில் அந்த அகலம் வராது, வேறு ஏதோ மரத்தைப் பெயர் மாற்றி விற்கிறார்கள்.

3. எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். உள்ளூர்க் கழிமுகம் என்பது பதிலானால், அது சட்டத்துக்குப் புறம்பான வெட்டு.

நடுபவர்கள் கவனிக்க

எந்த இடத்தில் எதை நடுவது என்பதில் செய்யும் தவறுதான் பல நடவுகளைக் கெடுக்கிறது. ஓத நீர் நாள்தோறும் வந்து போகும் சேற்றில் வெண்கண்டல் நடலாம். படம் எடுக்க அழகாக இருக்கிறதென்று உப்பேறிய வறண்ட திட்டில் சுரபுன்னைக் குச்சியை வரிசையாக ஊன்றினால் அது கருகும். நீர் தேங்கி உப்பேறிய இடமாக இருந்தால் நடுவதற்கு முன்பு வாய்க்கால் வெட்டி ஓத நீரை உள்ளே விட வேண்டும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வான கிளைகளுமாக, மீன்முள் வடிவில் வெட்டியே சிதைந்த காட்டை மீட்டார்கள். நட்ட முதல் சில ஆண்டுகள் ஆடுமாடு நுழையாமல் வேலி வேண்டும், ஏனென்றால் வெண்கண்டல் நாற்றைப்போல் அவற்றுக்குப் பிடித்த தீவனம் கரையில் வேறில்லை.

சேறு முடிந்து மேடு தொடங்கும் கரையிலும், மீன் பண்ணை, உப்பளம் ஆகியவற்றின் வெளிப்புற வரப்பிலும், ஆற்றுக் கரையிலும் பூவரசை வைக்கலாம். கூடவே புன்னையும் நிற்கும். அதன் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் படகுப் பலகைக்குப் பூசியது கடலோரத்தின் பழைய வழக்கம், தடியும் பாய்மரத்துக்கு ஆகும். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஆண்டு முழுதும் கொஞ்சமாவது நன்னீர் இறங்கினால், நட்ட வெண்கண்டலும் இப்போதைய உயரத்தைத் தாண்டும்.